குப்பியும் சாட்சியும்

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில், இன்று பெர்மாய் மருத்துவமனை என வழங்கும் மனநல மருத்துவமனை 1930-களில் எழுந்தது. 1941 நவம்பரில் அதன் கூடங்களில் 2/13 என்னும் எண்ணுடைய ஆஸ்திரேலியப் படைப் பொது மருத்துவமனை வந்து தங்கிற்று. ஜப்பானியர் தெற்கு நோக்கி விரைந்து வரவே, 1942 ஜனவரி இறுதியில் அது சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. அம்மாதம் 31-ஆம் நாள் ஜொகூர் பாலம் தகர்க்கப்பட்டது. பின்வாங்கும் படை தன் உடைமை அனைத்தையும் கொண்டு செல்வதில்லை. ஆகவே, ஜொகூர் மண்ணைத் தோண்டுவோர் கையில் இனந்தெரியாத இரும்பும் அலுமினியமும் அகப்படுதல் வியப்பன்று. அவற்றை இனங்காண்பது எங்ஙனம்?

முதலில் நோக்கத்தக்கது வடிவம். சிறுநீரகம்போல் ஒருபுறம் குழிந்த அலுமினியக் கலம் ஜப்பானிய வீரனுடையது. கைப்பிடியால் தீயின்மேல் தொங்கவிட்டு அரிசி பொங்குவதற்கு ஏற்றது. ஒன்றனுள் ஒன்று அடங்கும் நீள்சதுரத் தகரங்கள் இரண்டு, 1937-ஆம் ஆண்டு அமைப்பைச் சார்ந்த பிரிட்டிஷ் படையினுடையவை. தோல் சுற்றிய வளையமும் அதிலிருந்து நீளும் இரு கம்பிகளும் கொண்ட பொருள், காண்போர்க்கு உடைந்த கட்டிலின் உறுப்பாகத் தோன்றும். உண்மையில் அது தாமஸ் என்னும் லிவர்பூல் மருத்துவர் வகுத்த, முறிந்த தொடையெலும்பை அசையாமல் தாங்கும் சட்டம். முதல் உலகப் போரில் எண்ணற்ற வீரர் உயிரைக் காத்தது அதுவே. போர்க்களத்துப் பொருளெல்லாம் கொல்வதற்கென்றே பிறந்தவை அல்ல.

அடுத்தது முத்திரை. அகன்ற தலையுடைய அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையைக் காட்டும். அவ்வம்பின் இருபுறமும் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்து நின்றால், அது ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறையினது. ஐம்முனை விண்மீன் ஜப்பானியத் தரைப்படையின் சின்னம். துப்பாக்கியில் இஷாப்பூர் என்னும் பெயர் இருப்பின், அது வங்கத்து ஆலையில் உருவானது. 1942 ஜனவரியில் மூவாரில் சிதறுண்ட 45-ஆம் இந்தியப் படையணி போன்றவற்றை நினைவூட்டும். ஆயினும் செய்த இடத்தைத்தான் அது கூறும். ஏந்திய கையைக் கூறாது.

கல்வெட்டைப் படிப்போன் முதலில் கல்லைச் சிதைக்காதிருக்கக் கற்கிறான். இங்கும் விதி அதுவே. கண்டெடுத்த கலத்தைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளக்கத் தேய்க்கும் வழக்கம் நம்மவரிடை உண்டு. துருவோடு எழுத்தும் போய்விடும். கிடைத்த இடம், ஆழம், நாள், உடன் கிடந்த பிற பொருள் ஆகியவற்றை உடனே குறித்தல் வேண்டும். குண்டு, எறிகுண்டு போலத் தோன்றும் எதனையும் தொடுதல் ஆகாது. விலகி நின்று காவல்துறைக்கு அறிவிப்பதே அறிவுடைமை.

இவ்வளவும் செய்தபின்னும் பொருள் பேசாத ஒரு பகுதி எஞ்சும். தம்போயில் பணியாற்றிய 2/13 மருத்துவமனைத் தாதியருள் விவியன் புல்விங்கலும் ஒருவர். அவர் சென்ற கப்பல் 1942 பிப்ரவரி 14-இல் மூழ்கடிக்கப்பட்டது. இரு நாள் கழித்து, பங்கா தீவின் கரையில் தாதியர் 22 பேரைக் கடலுக்குள் நடக்கச் செய்து ஜப்பானியர் சுட்டனர். 21 பேர் மாண்டனர், எஞ்சியவர் புல்விங்கல். பின்னர்ச் சரணடையச் சென்றபோது, உடையில் குண்டு துளைத்த இடத்தை ஒரு தண்ணீர்க் குப்பியால் மறைத்துக்கொண்டார். துளை தெரிந்திருப்பின் படுகொலைக்கு அவரே சாட்சி என்பது வெளிப்பட்டிருக்கும். 1946-இல் தோக்கியோ நீதிமன்றத்தில் அவர் சாட்சி கூறினார். எந்த முத்திரையாலும் அக்குப்பியின் கதையை அறிய இயலாது. அவர் வாய்ச்சொல்லே அதனை அறிவித்தது.

பிரிட்டிஷ் வீரன் கழுத்தில் பெயரும் எண்ணும் பொறித்த வில்லைகள் தொங்கின. அவன் மாண்டாலும் பெயர் மாளாதிருக்க அரசு செய்த ஏற்பாடு அது. மலாயாத் தோட்டங்களினின்று சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர் கழுத்தில் அத்தகைய வில்லை இல்லை. அவர்தம் கையிலிருந்த தகரக் குவளைக்கும் அரசு முத்திரை இல்லை. அக்குவளை ஒன்று இன்று ஒரு வீட்டுப் பரணில் கிடக்குமாயின், அதனை இனங்காட்ட வல்லது பாட்டியின் சொல் ஒன்றே. பாட்டி மறைந்தபின் அது வெறும் தகரம்.

ஆதலால், பழம்பொருளோடு வரும் மாணவனிடம் ஆசிரியர் இரு வினாக்கள் எழுப்புதல் நன்று: இதில் என்ன எழுதியிருக்கிறது? இதைப் பற்றி வீட்டில் யார் என்ன சொன்னார்? முதல் வினாவிற்கு விடை காண நூல்கள் பலவுண்டு. இரண்டாவதன் விடையை அம்மாணவனே ஏட்டில் எழுதியாக வேண்டும். அதுவும், சொல்ல வல்லவர் உயிரோடிருக்கும்போதே.