பொழிச்சலூரில் ஒரு சனிக்கிழமைக்காரர்

பல்லாவரத்தில் இறங்கி, பம்மலைத் தாண்டினால் எங்கள் பொழிச்சலூர். தலைக்கு மேலே ஏரோப்ளேன், கையை நீட்டினால் டயரைத் தொடலாம் போலப் போகும். பக்கத்தில் அடையாறு. சாதாரண நாளில் அப்படி ஒரு ஆறு இருப்பதே தெரியாது. 2015 டிசம்பரில் மட்டும் வீட்டுக்குள்ளேயே வந்து அறிமுகம் செய்துகொண்டது.

மற்றபடி ஊருக்குப் பெருமை அகத்தீஸ்வரர் கோயில்தான். 'வட திருநள்ளாறு' என்பார்கள். ஏழரை, அஷ்டமம், கண்டகம் என்று எந்த ரகச் சனி பிடித்தவராக இருந்தாலும் சனிக்கிழமை காலையில் எள்ளும் நல்லெண்ணெயுமாக இங்கே ஆஜர். அன்றைக்கு நான் பைக்கை வெளியே எடுப்பதில்லை. எடுத்தால் யாராவது ஒருவருக்குச் சனி பிடிக்கும்.

வெள்ளத்துக்கு மறு வருஷம், எங்கள் ஃபிளாட்டுக்கு ஒருவர் வாடகைக்கு வந்தார். ஊர் மும்பை பக்கம் தாணே. வேலை விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில். பெயர்ப் பலகையில் முன்பாதி பைபிள், பின்பாதி டெண்டுல்கர் மாதிரி 'கர்' என்று முடியும்.

"கிறிஸ்டியனா ஸார்?" என்று கீழ்வீட்டு மாமா விசாரித்தார்.

"இல்லை ஸார், யூதர்."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் விஷயம் போய்விட்டது. "தரை வீடு வேணாம், மாடிதான் வேணும்னு கேட்டு வாங்கினான் பாத்தியா? அதான் யூத மூளை!" என்றார் மாமா. அந்த வருஷம் பொழிச்சலூரில் வீடு தேடிய அத்தனை பேரும் மாடிதான் கேட்டார்கள் என்பது மாமாவுக்கு மறந்துவிட்டது.

மறுநாள் மாமா தன் பையனை அனுப்பினார், கணக்கு டியூஷனுக்கு. ஐன்ஸ்டீன் ஜாதியாயிற்றே! "நானே கணக்கில் பார்டர்ல பாஸானவன்" என்று அவர் பையனைத் திருப்பி அனுப்ப, "பாத்தீங்களா, ஃபீஸ் இல்லாம சொல்லித்தர மாட்டான்" என்று முடிவாயிற்று. வாட்ச்மேன் எந்த ஷேர் வாங்கலாம் என்று கேட்டார். எதிர் ஃபிளாட்காரர் மொசாட் பற்றி ரகசியமாக விசாரித்தார். "உங்க நாட்டுல சண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டவருக்கு, "எங்க நாட்டுல மழை பெஞ்சா ரயில் நிக்குது ஸார், அது ஒண்ணுதான் சண்டை" என்றார். அவர் நாடு தாணே வரைக்கும்தான்.

நான் மட்டும் யோக்கியனா? அசோசியேஷன் பொருளாளர் நான், பி.காம். படித்த பாவம். மெயின்டனன்ஸ் கேட்டுப் போனால் 'ஷைலாக் வந்தாச்சு' என்பார்கள். அவர் வந்த முதல் மாதம், "இனிமே அந்தப் பட்டம் உங்களுக்கு ஸார்" என்று அவரிடமே ஜோக்கடித்தேன். சிரித்தார். எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் இதே ஜோக்கை அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிற்பாடு ஒரு நாள் அவரே சொன்னார். இங்கிலாந்து 1290-லேயே யூதர்களை நாட்டைவிட்டு விரட்டிவிட்டது. ஷேக்ஸ்பியர் ஷைலாக்கை எழுதியது அதற்கு 300 வருஷம் கழித்து. அந்தக் கால ஐரோப்பாவில் பல இடங்களில் யூதர் நிலம் வாங்கக்கூடாது, கைத்தொழில் சங்கத்தில் சேரக்கூடாது. கிறிஸ்தவர் வட்டி வாங்குவது பாவம் என்றது சர்ச். ஆனால் கடன் எல்லாருக்கும் வேண்டும். மிச்சமிருந்த தொழிலை ஒருவன் தலையில் கட்டிவிட்டு, அப்புறம் அதையே அவன் பிறவிக்குணம் என்றார்கள். வங்கித் தொழில் பற்றி மூன்று வருஷம் படித்தேன். இது சிலபஸில் இல்லை.

ஒரு சனிக்கிழமை பால்கனியில் நின்று கோயில் கூட்டத்தைப் பார்த்தவர், "என்ன விசேஷம்?" என்றார். சனி பகவான், எள், நல்லெண்ணெய் விளக்கு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினேன். (என் ஹிந்தியில் சனி பகவானுக்கே சனி பிடித்தது.) அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்களுக்கும் எண்ணெய், சனிக்கிழமை, இது ரெண்டுதான் ஸார் அடையாளம்!"

அவர்கள் பெனே இஸ்ரேல் என்ற பிரிவு. எப்போதோ கொங்கண் கரையில் கப்பல் உடைந்து, தப்பித்த ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வம்சம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கிராமங்களில் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், செக்கு ஓடாது. அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'ஷனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர். வட்டிக்கடையும் இல்லை, வைரமும் இல்லை. வீட்டில் பேசுவது மராத்தி. ஒரு தடவை 'மலிதா' என்று பிரசாதம் கொடுத்தார். அவல், தேங்காய், சர்க்கரை, பழம். மாமி வாயில் போட்டுக்கொண்டு, "கோகுலாஷ்டமிக்கு நான் பண்றதுன்னா இது!" என்றார்.

டீக்கடையிலும் அவர் எங்கள் செட்டில் சேர்ந்துவிட்டார். 1947-ல் மிஸ் இந்தியா ஆன பிரமிளா, கல்கத்தா யூதப் பெண், நிஜப்பெயர் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் என்று அவர் சொன்ன அன்று, நம்ம பசங்களுக்கு யூத சரித்திரத்தில் திடீர் ஆர்வம்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. பேச்சு ரோடு, குப்பை, லஞ்சம் என்று சுற்றியது. என் ஆபீஸ் நண்பன் சூடாகி, "ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான்டா இந்த நாடு உருப்படும்!" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம்ம ஊரில் கண்டிப்பான அப்பாவுக்கே அதுதானே பட்டப்பெயர்? ஹிட்லரின் புத்தகம் பிளாட்பாரத்தில் சுயமுன்னேற்றப் புத்தகங்களோடு அடுக்கியிருக்கும். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற ஆள் என்பது நமக்குப் பரீட்சையில் ரெண்டு மார்க் கேள்வி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தார். ஐந்து பேருக்கும் காசு கொடுத்துவிட்டு நடந்தார். நான் பக்கத்திலேயே இருந்தேன். 'டேய், யார் எதிர்ல என்ன பேசறே?' என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாம். வரவில்லை.

நாலு நாள் கண்ணில் படாமல் தப்பித்தேன். ஐந்தாம் நாள் அவரே கதவைத் தட்டினார். "மெட்ராஸ்ல எங்க ஜனங்களோட கல்லறை இருக்காமே, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறீங்களா?"

பைக்கில் ஜி.எஸ்.டி. ரோடு பிடித்து, முதலில் ஜார்ஜ் டவுன். பவழக்காரத் தெருவை அதற்கு முன்னால் நூறு தடவை கடந்திருப்பேன். கோல்கொண்டா வைரத்தை வாங்கி, மத்தியதரைக் கடல் பவழத்தை இறக்குமதி செய்த யூத வியாபாரிகளால் வந்த பெயர் அது. பிற்பாடு அதே தெருவில் நகரத்தார் வந்து தொழில் செய்தார்கள். 1688-ல் மதராஸ் கார்ப்பரேஷன் ஆரம்பித்தபோது 12 ஆல்டர்மேன்களில் 3 பேர் யூதர்கள். நம்ம ஊர் முதல் கவுன்சிலர்கள்!

1684-ல் இங்கே வந்து வைர வியாபாரம் செய்தவர் ஜாக் டி பைவா. 1687-ல் இறந்துபோனார். (அவர் மனைவி பிறகு கவர்னர் எலிஹு யேலோடு வாழ்ந்தது அன்றைய கோட்டையின் கிசுகிசு. யேல் யுனிவர்சிடி அந்த யேல் பெயரில்தான்.) அந்தக் காலத்துக் கல்லறைகள் தங்கசாலைப் பக்கம் இருந்தவை. வாடகை வீட்டுக்காரன் சாமான் மாதிரி இடம் மாறி மாறி, 1983-ல் லாயிட்ஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தன.

நாங்கள் போனபோது கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தோம். மொத்தம் இருபது கல்லறைகூடத் தேறாது. வழியில் பூ வாங்கியிருந்தேன். "நாங்க பூ வைக்க மாட்டோம் ஸார், கல்தான்" என்று தரையில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக் கேட்டுக்குக் கீழே வைத்தார். நானும் ஒன்று வைத்தேன்.

"அன்னிக்கு டீக்கடையில..." என்று ஆரம்பித்தேன்.

"அவருக்குத் தெரியாது, பரவாயில்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "உங்களுக்குத் தெரியும்ல ஸார்?" என்றார். குரலில் கோபம் இல்லை. கிண்டி வரும்வரை நான் பேசவில்லை.

2018-ல் மாற்றலாகி தாணேக்கே போய்விட்டார். ஆபீஸ் நண்பனிடம் அன்றைய விஷயத்தைச் சொன்னபோது, "அடப்பாவி, அப்பவே சொல்லக் கூடாதா?" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான்.

அந்த ஃபிளாட்டுக்குப் போன மாதம் ஒரு பஞ்சாபிக் குடும்பம் வந்திருக்கிறது. தாடி, தலைப்பாகை, கணீர் குரல். சாமான் இறங்கிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி சரியாகப் பகல் பன்னிரண்டு. மாமா முகத்தில் ஒரு சர்தார்ஜி ஜோக் முளைப்பது எனக்குத் தெரிந்தது.

"மாமா, வாங்க, டீ சாப்பிடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். காசு நான் கொடுத்தேன்.