முதல் விதி யாருக்கு?

எங்கள் ஊரின் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு சபாஷ்! கொண்டப்பநாயக்கன்பட்டி. தபால் உறையில் எழுதினால் பாதி உறை ஊர்ப் பெயருக்கே போய்விடும். சேலத்துக்கு வடக்கே, ஏற்காடு மலை அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது. இங்கே ஒரு வெள்ளிக் கொலுசுக் கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன். பெயர்தான் கணக்கு. சம்பளப் பட்டியல், லீவு கடுதாசி, ஆயுத பூஜைப் பொரிகடலை எல்லாமே என் தலையில்தான். "உங்களுக்குத்தான் எழுத்து வருமேம்மா!" என்று முதலாளி ஒரு நாள் சொன்ன வார்த்தையில் மயங்கி, கம்பெனியின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் படம் போட்டிருந்தாள். இன்னும் கடைக்குப் போகாத புது மாடல் கொலுசு. கீழே, "எங்க கம்பெனி புதுசு! எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி. பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளில் எந்த ஊர், எந்தக் கடை, எத்தனை கிலோ என்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போலத்தான்!

"அந்தப் பொண்ணை நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடுங்கம்மா."

"ஐயா, இப்படிப் போடக் கூடாதுன்னு நாம யார்கிட்டயும் சொல்லலியேங்க?"

"இதையெல்லாமா சொல்லணும்?"

"சொல்லாத விதியை மீறிட்டான்னு எப்படிங்க அனுப்பறது?"

முதலாளி கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர். சற்று யோசித்தார். "சரி, விதி எழுதுங்க. யாரும் எதுவும் போடக் கூடாது. ஒரே வரி போதும். திங்கட்கிழமை எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். அந்தப் பொண்ணைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அன்று இரவு சமையலறையை ஒழித்துவிட்டு மேஜை முன் உட்கார்ந்தேன். அந்த ஒரே வரியை எழுதினேன். அடித்தேன். வீட்டுக்குப் போன பிறகு தன் பிள்ளையின் பிறந்த நாள் படத்தைப் போடாதே என்று சொல்ல நாம் யார்? மற்றவர்கள் என்னதான் செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

ஐ.பி.எம். என்ற பெரிய கம்பெனியில் 2005-ல் இதே பிரச்னை வந்தபோது, வலைப்பூ எழுதும் ஊழியர்களையே ஒன்று சேர்த்து அவர்களுக்கான விதிகளை எழுத வைத்தார்களாம். எழுதுவதற்கு அவரவரே பொறுப்பு, சொல்வது கம்பெனியின் கருத்தல்ல என்று தெரிவித்துவிட வேண்டும், தொழில் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்பவை அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட வேலிகள். 2020-ல் திரிபுரா உயர் நீதிமன்றம், அரசு ஊழியர் என்பதற்காக ஒரு பெண்மணியின் பேச்சுரிமை பறிபோய்விடாது, நடத்தை விதிகளின் வரம்புக்குள் அது உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் ஒரு பேஸ்புக் பதிவும் இருந்தது. இணையத்தில் எழுதியதற்காகப் பலரைச் சிறைக்கு அனுப்பிய 66-ஏ பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் செல்லாது என்று தள்ளிவிட்டது. இவையெல்லாம் சர்க்காருக்குச் சொன்னவை. எங்கள் கொலுசுக் கம்பெனியை நேராகக் கட்டுப்படுத்தாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், நியாயம் கம்பெனி வாசலோடு நின்றுவிடுமா?

அதற்காக ரகசியம் என்பதே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எங்கள் ஏற்காடு ரோட்டில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. இப்போது அதன் நுழைவு வளைவுதான் மிச்சம். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அவர்கள் எடுத்ததுதான். அந்தக் கதையில் குகை நிறையச் செல்வம். பூட்டு கிடையாது, ஒரு சொல்தான் காவல். மறைந்திருந்த ஒருவன் காதில் அது விழுந்ததும் கதவு திறந்துவிட்டது. எங்கள் பெட்டி மேல் இருந்த முகவரியும் அப்படிப்பட்ட சொல்தானே!

ஆகவே, விடிவதற்குள் 11 விதிகள் எழுதிவிட்டேன். எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு வேளையில் பெண்களிடம் வாசித்துக் காட்டினேன். ஐ.பி.எம். மாதிரி நானும் கேட்க வேண்டாமா? புளிசாதத்தைப் பிசைந்தபடி ஒருத்தி, "ஏனுங்கக்கா, இத்தனை 'கூடாது' எங்க மாமியார்கூடச் சொன்னதில்லீங்க!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பேக்கிங் பெண் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது விதிக்கு வந்தேன்: "பிறர் படத்தை அவர் அனுமதி இல்லாமல் போடக் கூடாது."

சிரிப்பு நின்றது. மெருகு போடும் பகுதியில் இருக்கும் வயதான அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "இது கம்பெனிக்கும் உண்டுங்களா, கண்ணு?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். ஐப்பசியில் எடை போடும் பெண் ஒருத்தி திடீரென்று நின்றுவிட்டாளே, நினைவிருக்கிறதா? பதிவேட்டில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியவள் நான்தான். அவள் அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி, குழந்தையோடு இங்கே வந்து ஒண்டிக்கொண்டிருந்தவளாம். ஆயுத பூஜை அன்று எல்லாரையும் கம்பெனிப் பெயர்ப் பலகைக்குக் கீழே நிற்க வைத்துப் படம் எடுத்துக் கம்பெனிப் பக்கத்தில் போட்டேனே, அது யார் யார் கையிலோ மாறி அவன் கண்ணில் பட்டிருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் இரண்டு நாள் வந்து நின்றானாம். மூன்றாம் நாள் அவள் ஊரை விட்டே போய்விட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலீங்கம்மா?"

"நீங்க நல்லதுக்குத்தானே போட்டீங்க, கண்ணு. எப்படிச் சொல்றது?"

அன்று அந்தப் படத்துக்கு 300 லைக் வந்தது என்று முதலாளியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. கையில் எடுத்த சாதம் வாய்க்குப் போகவில்லை. சாயங்காலம் படத்தை அழித்தேன். அவளுடைய பழைய எண்ணுக்குப் போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

சனிக்கிழமை முதலாளி மேஜையில் புதிய காகிதத்தை வைத்தேன். ஏழாவது விதி முதலாவதாக ஏறியிருந்தது: "யாருடைய படத்தையும் அவரைக் கேட்காமல் போடக் கூடாது. இது முதலில் கம்பெனிக்கு, பிறகு ஊழியருக்கு."

"கம்பெனிக்கே விதியா?" என்று அவர் புருவத்தை உயர்த்தினார். நடந்ததைச் சொன்னேன். பிறகு கேட்டேன்: "ஐயா, பேக்கிங் பொண்ணு போட்ட படத்தாலே ஒரு பெட்டிகூடப் போகலீங்க. நான் போட்ட படத்தாலே தாயும் பிள்ளையும் ஊரை விட்டே போயிட்டாங்க. இப்போ யாரை அனுப்பறது?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வெகு நேரம் கழித்து, "மத்ததைப் படிங்கம்மா" என்றார்.

11 விதிகள் 6 ஆகக் குறைந்திருந்தன. இரண்டாவது: சரக்கு, முகவரி, எடை, வெளிவராத மாடல் இவை வெளியே போகக் கூடாது. மூன்றாவது: நம் கொலுசைப் புகழ்ந்தால், இங்கே வேலை செய்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். (2021-ல் விளம்பரத் தரக் கவுன்சில் வெளியிட்ட நெறிமுறையும், சம்பந்தத்தை மறைத்துப் புகழாதே என்றுதான் சொல்கிறது. நாத்தனார் பெயரில் 5 நட்சத்திரம் போட்டவர்கள் கவனிக்க!) நான்காவது: அரசியல், சினிமா, சாமி எதுவானாலும் அவரவர் சொந்தக் கருத்து; அதில் கம்பெனிப் பெயரை இழுக்காமல் இருந்தால் போதும்.

ஐந்தாவதைக் கொஞ்சம் அழுத்தியே வாசித்தேன். சம்பளத்தைப் பற்றியோ தொந்தரவைப் பற்றியோ முறையிடுவதை இந்த விதிகளைக் காட்டி யாரும் தடுக்கக் கூடாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களின் பாலியல் புகாரைக் கேட்க உள் குழு வேண்டும் என்கிறது 2013-ம் வருஷத்துச் சட்டம். புகார் செய்தவரின் பெயரை வெளியிடவும் அது தடை செய்கிறது. எங்களிடம் 40 பேர் இருந்தும், அந்தக் குழு காகிதத்தில்தான் இருந்தது. ஆறாவது: முதல் தவறுக்கு எச்சரிக்கை, விளக்கம் கேட்காமல் யாரையும் நீக்கக் கூடாது.

முதலாளி பேனாவை எடுத்தார். "முதல் விதி கம்பெனிக்குன்னா, முதல் கையெழுத்தும் நான்தானே போடணும்?" என்று போட்டார். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. திங்கட்கிழமை பேக்கிங் பெண்ணும் போட்டாள். இப்போதும் இங்கேதான் இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது கைப்பேசியோடு என் மேஜைக்கு வந்து, "அக்கா, இதைப் போடலாமுங்களா?" என்று கேட்கிறாள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் படம் எடுக்கும் முன் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டேன். சிலர் சரி என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் ஆட்களே இல்லாமல், சந்தனமும் குங்குமமும் வைத்த தராசை மட்டும் எடுத்துப் போட்டேன். முன்பு அவள் எடை போட்ட அதே தராசு.

42 லைக் வந்தது. முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை.