நாலில் ஒன்று

என் பெண் பி.காம். சேர்ந்தபோது கணக்குப் பதிவியலைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. வில்லனாக வந்தது புள்ளியியல். சராசரி, இடைநிலை வரைக்கும் சமாளித்தாள். 'நிகழ்தகவு' என்ற பாடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். "பேரே வாயில நுழையலைம்மா" என்றாள்.

நான் பத்தாவது பாஸ். அதற்கு மேல் படிக்க வைக்கவில்லை. ஆனாலும் பெண் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவது என் வழக்கம். அம்பத்தூரிலிருந்து கொரட்டூருக்கு ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன்தான். நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்புறம் அவரைக்காயும் நிகழ்தகவுமாக எங்கள் பொழுது போகும்.

ஒரு நாள், "பகடையை உருட்டினால் என்னென்ன விழும்" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பரண்மேல் என் அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை ஜோடி இருந்தது. எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டையிலும் நாலு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒன்றுமில்லாத வெறும் முகம். இரண்டு கட்டைக்கும் சேர்த்து நாலு நாலு பதினாறு விதமாக விழலாம். எழுதிப் பார்த்தோம். 3 விழ 4 வழி. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று வழி. தாயம் விழ 2 வழி, 5-க்கு 2 வழி. 6-க்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழிதான்.

இப்போது கவனியுங்கள். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால்தானே மறுபடி உருட்ட விடுகிறோம்? அபூர்வமாக விழுவதற்குத்தான் பரிசு! எந்தப் பாட்டி எந்தத் திண்ணையில் உட்கார்ந்து இந்தச் சட்டத்தைப் போட்டாளோ தெரியாது, கணக்குத் தெரிந்தவள்தான். நளன் கதையில் இருதுபன்னன், தேரில் போகும்போதே தான்றி மரத்தைப் பார்த்துக் காய்களின் எண்ணிக்கையைச் சொல்கிறான்; பிறகு நளனுக்கு அந்த வித்தையைக் கற்றுக் கொடுக்கிறான். பிரான்ஸ் தேசத்தில் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு மேதைகள், பாதியில் நின்ற சூதாட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கு பிரிப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டது 1654-இல். அதிலிருந்துதான் இந்தப் பாடம் வளர்ந்ததாம். ஆக, எங்கே பார்த்தாலும் சூதாட்டம்தான் இதற்குத் தாய்வீடு.

பதினாறில் இரண்டு என்றால் எட்டில் ஒன்று. அப்படியானால் எட்டுத் தடவை உருட்டினால் தாயம் விழுந்தே தீருமா? விழாது. எட்டு தடவையும் விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வாய்ப்பு உண்டு என்று என் பெண் போட்டுக் காட்டினாள். கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. முன்னால் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. இதற்குப் பாடத்தில் 'சாரா நிகழ்ச்சிகள்' என்று பெயர். என் அப்பாவின் ஞாபகம் வந்தது. 1968-இல் நம் அரசே லாட்டரி நடத்த ஆரம்பித்தது. 2003-இல் தடை வந்தது. அப்பா இருந்தவரை வாரம் தவறாமல் சீட்டு வாங்குவார். "இத்தனை வருஷம் விழலே, இனிமே விழுந்துதானே ஆகணும்" என்பார். சீட்டுக்கும் ஞாபகசக்தி கிடையாது, பாவம்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டு இல்லாத ஒன்றும் அந்த வருடம் வந்தது.

என் பெரியம்மாவுக்கு ஒரு பெண், ஒரு பையன். அந்த அக்காவின் மகளைத் தாய்மாமனுக்கே கொடுத்து, பூந்தமல்லியில் குடித்தனம் வைத்தார்கள். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்பது பெரியம்மாவின் பிடிவாதம். நம் பக்கம் இது புதிதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதத் திருமணம் சொந்தத்துக்குள் நடந்தது. முதல் குழந்தை ஆண். ஆறேழு மாதத்தில் வெளுத்துப் போய், பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்தான். பரிசோதனையில் தலசீமியா என்று தெரிந்தது. உடம்பு தானாக நல்ல ரத்தம் உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ரத்தத்தில் உள்ள இரும்பு உடம்பில் தங்கிவிடாமல் இருக்கத் தினமும் மருந்து வேறு.

தாய் தகப்பன் இருவருமே பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறார்கள். இருவரும் அந்தக் குறையைச் சுமப்பவர்கள். அவள் சோகை என்று நினைத்து வருஷக்கணக்காக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியிருக்கிறாள்! மாத்திரையால் ரத்தம் ஏறாத பெண்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிடும்.

"இனி பிறக்கும் குழந்தைக்கு நாலில் ஒரு வாய்ப்பு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் மறுபடி உண்டானபோது பெரியம்மா அடித்துச் சொன்னாள்: "நாலுல ஒண்ணுதான் முதல்லயே வந்தாச்சே. இனிமே மூணும் முத்து முத்தா பொறக்கும். டெஸ்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவளும் நம்பத் தயாராக இருந்தாள். அந்த நிலைமையில் நம்பாமல் யார் இருப்பார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் பெண் இரண்டு ரூபாய்க் காசு எடுத்தாள். "இது மாமா, இது நீங்க அக்கா. தலை நல்லது, பூ கெட்டது. குழந்தைக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கறீங்க. தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ. இதுல பூ-பூ மட்டும்தான் வியாதி. ஆனா ஒவ்வொரு குழந்தைக்கும் காசைப் புதுசா சுண்டணும்."

சுண்டினாள். பூ-பூ. "இது தம்பின்னு வச்சுக்குங்க" என்று மறுபடி சுண்டினாள். மறுபடியும் பூ-பூ! என் பெண் முகம் செத்துப் போய், காசைக் கையால் மூடப் பார்த்தாள். "மூடாதேம்மா, பார்த்துத்தானே ஆகணும்" என்று அவள் கையை விலக்கினாள். எனக்குத் தொண்டையை அடைத்தது.

பிறகு நோட்டில் எழுதிக் காட்டினோம். இவர்களைப் போல 64 குடும்பம், வீட்டுக்கு நாலு குழந்தை என்று வைத்துக்கொண்டால், சரியாக ஒரு குழந்தைக்கு மட்டும் வியாதி வருவது 27 வீட்டில். ஏறக்குறைய 20 வீட்டில் யாருக்கும் இல்லை. மீதி 17 வீட்டில் இரண்டோ அதற்கு மேலோ. நாலில் ஒன்று என்பது ரேஷன் கடைப் பங்கீடு மாதிரி வீட்டுக்கு ஒன்று இல்லை.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனாள். பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்களாம். அதனால் கரு கலைய ஒரு சிறு வாய்ப்பு இருப்பதையும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். யோசித்து, புருஷனும் அவளுமாகச் சம்மதித்தார்கள்.

அந்த இடைவெளியில் நான் என் கணக்கையும் போட்டேன். பெரியம்மாவின் ரத்தத்தில் இந்தக் குறை இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அவள் கூடப்பிறந்த என் அம்மாவுக்கு இருந்திருக்க இரண்டில் ஒன்று. எனக்கு நாலில் ஒன்று. என் பெண்ணுக்கு எட்டில் ஒன்று, அதாவது தாயம் விழும் கணக்கு! தாயம் எத்தனை தடவை விழுந்து பார்த்திருக்கிறேன். அன்றே அவளுக்குச் சொல்லாமல் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கு இல்லை என்று வந்தது. எனக்கு இல்லையென்றால் என் வழியாக அவளுக்கு வர வழியில்லை. அவள் அப்பாவையும் ஒரு நாள் இழுத்துக்கொண்டு போனேன். "பொண்ணு பாஸ் பண்ண நான் ஏன் ரத்தம் குடுக்கணும்" என்று முனகிக்கொண்டே கொடுத்தார். அவருக்கும் இல்லை.

பூந்தமல்லிக்காரியின் முடிவு வந்தபோது நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். தலை-பூ. குழந்தையும் பெற்றோரைப் போலச் சுமக்கும், ஆனால் வியாதி இல்லை. பெரியவன் அன்று காலைதான் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்து, சிவந்த முகத்தோடு கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

பெரியம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேனா இல்லையா, நாலுல ஒண்ணு வந்தாச்சுன்னு?"

என் பெண் வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்திவிட்டு, பெரியம்மாவுக்குக் காப்பி கலக்க உள்ளே போனேன்.