இருமல் எத்தனை முறை வந்தது?

என் நாத்தனார் மகள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். மருந்துச்சீட்டு எழுதும் டாக்டர் இல்லை. பொதுச் சுகாதாரத்தில் ஆராய்ச்சி. போன மாதம் மணலி புதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்தாள்.

"அத்தை, வீடு வீடாப் போறதுக்கு முன்னே இந்தக் கேள்விகளை ஒரு அம்மாகிட்டே கேட்டுப் பார்த்துட்டு வான்னு பேராசிரியை சொல்லியிருக்காங்க."

முதல் கேள்வி: 'கடந்த ஓராண்டில் உங்கள் குழந்தைக்கு எத்தனை முறை இருமல் வந்தது?'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரம் வைத்த குழம்பே நினைவில்லை! "நான் எதைச் சொன்னாலும் குத்துமதிப்புதாம்மா" என்றேன். உடனே அடித்துவிட்டாள். தேசியக் குடும்ப நல ஆய்விலும் கடந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்பார்களாம். அப்படியே மாற்றிக்கொண்டாள்.

அவள் ஆராய்வது தொழிற்சாலைப் புகையையும் குழந்தைகளின் இளைப்பையும். என் சின்னவனுக்கு நாலு வயதிலிருந்து இளைப்பு. காற்று எங்கள் பக்கம் திரும்பும் இரவுகளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவனை நிமிர்த்தி மடியில் சாய்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். "இதிலே ஆராய என்ன இருக்கு? மூக்கு இருக்கறவங்களுக்குத் தெரியாதா?" என்று கோபமாகவே கேட்டேன்.

"ராத்திரியிலே கொசுவத்தி ஏத்தறீங்களா அத்தை?"

ஏற்றுகிறேன். சாம்பிராணியும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் பீடி வேறு. அதையெல்லாம் கணக்கெடுக்காமல் விட்டால், நாளைக்கு யாராவது 'எல்லாம் உங்கள் வீட்டுப் புகைதான்' என்று கைகழுவிவிடலாம் அல்லவா? அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பேராசிரியை முதல் வகுப்பிலேயே ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னாராம். காசநோய் என்றாலே சானடோரியம் என்றிருந்த காலம். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டிலும் மறுபாதிக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். யார் எங்கே என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரிதான். அதனால் வசதியுள்ளவர்கள் ஒரே பக்கம் சேரவில்லை. 1959-ல் வெளியான முடிவு: வீட்டிலிருந்து சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே குணம். எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளைப் பிரிந்து கிடக்காமல் தப்பியிருப்பார்கள்!

"ஆனா உங்க பிள்ளைக்குப் புகை, இன்னொரு பிள்ளைக்கு நல்ல காற்றுன்னு நான் சீட்டுப் போட முடியுமா?" என்றாள். அதனால் எங்களைப் போன்ற வருமானமும் அடுப்பும் உள்ள, ஆலைகளுக்குத் தள்ளியிருக்கும் ஒரு பேட்டையை ஒப்பிடுவதற்காகத் தேடிக்கொண்டிருக்கிறாள். இடம் தேடியே மூன்று மாதம் ஓடிவிட்டதாம்!

மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "இது முடிஞ்சா, என் பையனுக்கு எதனாலே இளைப்புன்னு சொல்லிடுவியா?"

கொஞ்சம் தயங்கினாள். "இல்லை அத்தை. நூத்துக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் எதுவும் சொல்ல முடியும். ஒரு பிள்ளைக்கு இதனாலேதான்னு சொல்ல முடியாது."

வருத்தமாகத்தான் இருந்தது. உறவு என்பதால் எங்கள் வீடு அவள் கணக்கிலேயே வராதாம். காபி கலந்து கொடுத்துவிட்டு, மீதிக் கேள்விகளையும் படிக்கச் சொன்னேன். மொத்தம் முப்பத்தாறு. இருட்டுவதற்குள் பதினொன்றை அடித்துவிட்டோம்.