எண்ணெய் செல்லும் வழி

மோட்டார் சைக்கிளைக் காண்போர் பெட்ரோல் தொட்டியின் வண்ணத்தைப் புகழ்வர். புகைக்குழாயின் முழக்கத்தைப் புகழ்வர். எண்ணெய்க் குழாயைக் கண்டு வியந்தவர் ஒருவரையேனும் நாம் சந்தித்ததில்லை. ஆயினும் சென்ற சில மாதங்களாக நமது ஓய்வு நேரத்தையெல்லாம் விழுங்கியது அந்தக் குழாய்தான்.

நம் சகோதரி மகனுக்குப் பழைய இயந்திரம் ஒன்று கிடைத்தது. பி.எஸ்.ஏ. நிறுவனம் 1937இல் வெளியிட்ட எம்.20 வகை, ஒற்றைச் சிலிண்டர், 496 சி.சி., 13 குதிரைத்திறன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைக்கு இலட்சத்துக்கும் மேல் செய்து கொடுக்கப்பட்ட வண்டி அது. கிடைத்தது இயந்திரம் மட்டுமே, உடல் இல்லை. பிள்ளை மனந்தளராமல் சட்டத்தைப் புதிதாகச் செய்வித்து, எண்ணெய்த் தொட்டியை இருக்கையின் அடியில் பொருத்திவிட்டான். பழைய குழாய்கள் எட்டவில்லை. இனிச் செங்கற்பட்டுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருவது இதில்தான் என்றும் அறிவித்துவிட்டான். நெடுஞ்சாலையில், பின்னே லாரி வரும்போது, எண்ணெயின்றி இயந்திரம் இறுகினால் பின் சக்கரமும் அக்கணமே நின்றுவிடும். சகோதரி நம்மை அழைத்து, "எண்ணெய் விஷயத்தை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், காக்கா" என்றதன் பொருள் அதுவே.

இத்தகைய இயந்திரத்தின் அடியில் எண்ணெய் தங்குவதில்லை. தனித்தொட்டியிலிருந்து ஒரு குழாய் வழியே இறங்கும். பம்பு அதை உள்ளே செலுத்தும். வேலை முடித்து அடியில் வடிந்ததை இன்னொரு பம்பு அள்ளி, மற்றொரு குழாய் வழியே தொட்டிக்குத் திருப்பும். அள்ளுவது ஊட்டுவதைவிடப் பெரிய பம்பு. பார்வைக்கு இரு குழாய்களும் ஒன்றுபோலிருப்பினும் குணத்தில் வேறானவை. திரும்பும் குழாயிலுள்ள எண்ணெயைப் பம்பு பின்நின்று தள்ளுகிறது. இறங்கும் குழாய்க்கு அந்தத் துணை இல்லை. தொட்டியின் உயரமும் காற்றின் அழுத்தமுமே அதற்குக் கதி. எனவே அதில் இடுக்கம் கூடாது, கூர்மையான வளைவு கூடாது, சூட்டில் இளகி உறிஞ்சலில் சப்பிப்போகும் ரப்பர் அறவே கூடாது.

புதுப்பேட்டைக் கடையொன்றில் எஃகுக் கம்பி பின்னிய குழாயைக் கண்டதும் பிள்ளை மயங்கிவிட்டான். "மாமா, இதுதான் அழகு" என்றான். அழகுதான், மறுக்கவில்லை. அந்தக் குழாய்களுக்கு ஆறு, எட்டு என்று எண் வழங்குகிறது. ஆறு என்றால் அங்குலத்தைப் பதினாறாக்கி அதில் ஆறு பங்கு, அதாவது 3/8 அங்குலம். ஆனால் பின்னலுக்குள் ரப்பர் சுருங்கினால் வெளியிலிருந்து தெரியாது. பின்னல் உராயுமிடத்தில் அரம்போல் இரும்பையும் அறுக்கும். கடைக்காரரோ நேர்மையானவர், "பாய், வெட்டிய பிறகு உள்ளே கம்பித் துணுக்கு இருக்கும், மண்ணெண்ணெய் விட்டு அலசிக் காற்றடிக்காமல் மாட்டிவிடாதீர்கள்" என்று தாமே எச்சரித்தார். பக்கத்துக் கடையில் பெட்ரோலுக்குரிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை நீட்டினார்கள். சூடான எண்ணெய் பட்டால் அது முதலில் இளகும், பிறகு விறைத்து வெடிக்கும். தாமிரக் குழாயும் ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வில் நாளடைவில் இறுகிக் கீறிவிடும். முடிவாக இறங்கும் வழிக்கு எண்ணெய் தாங்கும் கனத்த நைட்ரைல் ரப்பர். திரும்பும் வழிக்குப் பிள்ளையின் ஆசைப்படி எஃகுப் பின்னல், சட்டத்தில் படுமிடமெல்லாம் ரப்பர் உறையுடன். இந்தச் சமரசத்தில் இருவருக்கும் மனக்குறை இல்லை.

இனி வடிகட்டி. ஆதியில் இவ்வண்டிக்குக் கம்பி வலைதான். மெல்லிய துகளை அது தடுக்காது. கார்களில் உள்ளதுபோல் திருகிப் பொருத்தும் வடிகட்டியைத் திரும்பும் வழியில் வைப்பதே தக்கது. இறங்கும் வழியில் வைத்தால் பம்பின் வாயைத் துணியால் பொத்துவதற்கு ஒப்பாகும். கடைசல் பட்டறையில் தாங்கி செய்வித்தபோது இரண்டு நுட்பங்களில் பிடிவாதமாக நின்றோம். எண்ணெய் வடிகட்டியின் விளிம்புத் துளைகளில் நுழைந்து நடுத்துளை வழியே வெளிவர வேண்டும். குழாய்களை மாற்றி மாட்டினால், எண்ணெய் பின்வாங்காதிருக்க உள்ளே வைத்துள்ள ரப்பர் மடல் வழியை அடைத்துவிடும். அடுத்தது மரை. 3/4 அங்குலத் தண்டில் 20 மில்லிமீட்டர் வடிகட்டியும் லேசாக ஏறிவிடும். ஏறிவிட்டதே என்று நம்பினால் ஓட்டத்தில் கழன்றுவிடும். ஆகவே மரையளவைத் தாங்கியிலேயே பொறிக்கச் சொன்னோம். பட்டறைக்காரர் சிரித்தார், எனினும் பொறித்துத் தந்தார். எண்ணெய் நிறைந்த வடிகட்டியின் கனம் அதிர்வில் மெல்லிய தகட்டை முறிக்குமாதலால் தடித்த தகடு; புகைக்குழாய்க்கும் சங்கிலிக்கும் எட்டாத இடம்.

எங்களிடையே வழக்கு மூண்டது வால்வைப் பற்றித்தான். வண்டி பலநாள் நின்றால் தேய்ந்த பம்பு வழியே தொட்டி எண்ணெய் கசிந்து இயந்திரத்தின் அடியில் தேங்கும். உதைத்ததும் புகை மண்டும். இதைத் தடுக்க இறங்கும் குழாயில் மூடித் திறக்கும் வால்வு வைப்பவர் உண்டு. திறக்க மறந்து புறப்பட்டால் சில நிமிடங்களில் இயந்திரம் பாழ். பிள்ளை ஓர் உபாயம் சொன்னான்: வால்வு மூடியிருக்கையில் மாக்னெட்டோவின் மின்சாரத்தைச் சட்டத்தில் இறக்கிவிடும் சிறு சுவிட்ச். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் அந்தக் கம்பி அறுந்தால் இயந்திரம் நிற்காது. காவல் போனதே தெரியாமல் தாராளமாகக் கிளம்பும். அவசரத்தில் வீட்டு விளக்கை அணைக்க மறக்கும் வயது அவனுக்கு. தேங்கிய எண்ணெயை அடித் திருகைக் கழற்றி வடித்துத் தொட்டியில் ஊற்றப் பத்து நிமிடம் போதும்; புகை எவரையும் கொன்றதில்லை. வால்வு வேண்டாம் என்றோம். இரண்டு நாள் பேசவில்லை; மூன்றாம் நாள் வால்வைக் கடையில் திருப்பிக் கொடுத்து வந்தான்.

சென்ற வெள்ளி மாலை முதல் உதை. தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே திரும்பும் குழாயின் முனையில் டார்ச் வெளிச்சத்தைப் பிடித்து நின்றோம். இயந்திரம் பிடித்துக்கொண்டது. குழாய் வறண்டே இருந்தது. புதிய வடிகட்டி நிரம்ப வேண்டுமல்லவா? சகோதரி வாசற்படியில் நின்றிருந்தாள். முதலில் காற்றுக் குமிழி ஒன்று துப்பிற்று. பிறகு விட்டுவிட்டு, கறுத்த எண்ணெய் வரத் தொடங்கிற்று.