வேலியே பயிரை மேய்ந்தால்

தில்லி மாநகரில் எங்கள் இல்லம் மூன்றாம் மாடியில் உள்ளது. வாயில் என்று சொல்லத்தக்கது படிக்கட்டின் ஓரத்தில் இரண்டு முழ இடமே. எனினும் எங்கள் அன்னையார் (எங்களுள் ஒருவருக்கு அன்னையார், மற்றவருக்கு மாமியார்) தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரை விட்டு எங்களோடு வாழ வந்த நாள்முதல், அச்சிறிய இடத்தில் நாள்தோறும் புள்ளி வைத்துக் கோலமிட்டு வந்தார். மார்கழியில் ஒரு நாள் கோலத்தைக் காணவில்லை. மறுநாள் புள்ளிகள் மட்டும் இருந்தன, இழைகள் இல்லை. கேட்டதற்கு, “மாவு விரலுக்குள் நிற்கமாட்டேன் என்கிறது” என்றார். நண்பகலுக்குள் விரல்கள் சற்றே இளகிவிடும். மறுநாட் காலையில் மீண்டும் கட்டைபோல் ஆகிவிடும்.

நாங்கள் தில்லிக் குளிரைக் குற்றஞ்சாட்டினோம். வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களில் எந்த நோவு கண்டாலும் முதற்குற்றவாளி குளிர். இரண்டாம் குற்றவாளி தண்ணீர். ஆகவே தைலம் தேய்த்தோம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். கம்பளிக் கையுறை வாங்கினோம். பங்குனி பிறந்தது. குளிர் நீங்கிற்று, வீக்கம் நீங்கவில்லை. சித்திரை வெயிலில் நகரமே வெந்துகொண்டிருந்தபோதும் அன்னையாரின் இரு கைகளிலும் ஒரே கணுக்கள் ஒரே அளவில் வீங்கியிருப்பதைக் கண்ட பின்னரே எங்கள் கட்சி தோற்றது. அதற்குள் ஐந்து திங்கள் வீணாயின. அக்குற்றம் எங்களுடையதே.

மூட்டுவாத மருத்துவர் முதலிற் கேட்ட வினா ஒன்றுதான்: “காலையில் எழுந்த பின்பு விரல்கள் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது?” அன்னையார் இரண்டு மணி நேரம் என்றார். பின்னர்க் குருதிச் சோதனைகள் நடந்தன. முடக்குவாதம் என்று முடிவாயிற்று.

அன்று மாலை இல்லத்தில் இரு குரல்கள் எழுந்தன. எங்கள் மகள், “எனக்கும் இது வருமா, பாட்டி?” என்று கேட்டாள். அன்னையார் அவளுக்கு விடை கூறவில்லை, எங்களைப் பார்த்து, “சம்பந்தம் பேசுகிற நேரத்தில் இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பரம்பரை வியாதி என்று பேர் வைத்துவிடுவார்கள்” என்றார். அவருடைய பெரியம்மாவின் கைகளும் இறுதிக் காலத்தில் கோணிப் போயிருந்தனவாம். குடும்பத்தில் அதைப் பற்றி எவரும் பேசியதில்லை.

மகளின் வினாவுக்கும் அன்னையாரின் வேண்டுகோளுக்கும் விடை காணாமல் இருக்க இயலவில்லை. ஆதலின் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். மருத்துவரையும் விடாது கேட்டுக்கொண்டிருந்தோம். அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

நம் உடலுக்குள் ஒரு காவற்படை உண்டு. வெளியிலிருந்து நுழையும் கிருமிகளை அடையாளம் கண்டு, எதிர்ப்பொருள்களை உண்டாக்கி அழிப்பது அதன் கடமை. முடக்குவாதத்தில் அப்படை சொந்த மூட்டுகளின் உட்சவ்வையே பகையெனக் கருதித் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, வீங்குகிறது, காலப்போக்கில் அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. வேலியே பயிரை மேய்வது என்று நம்மவர் கூறுவது இதற்கு முற்றும் பொருந்தும்.

இதன் முதற்சுவட்டை நார்வே நாட்டு எரிக் வாலர் என்பார் 1937-ஆம் ஆண்டில் கண்டார். முயலின் எதிர்ப்பொருள் பூசப்பெற்ற ஆட்டுக் குருதியணுக்களோடு ஒரு நோயாளியின் குருதிநீரைச் சேர்த்தபோது, அவ்வணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 1948-இல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் என்பாரும் தனியே இதனையே கண்டார். எதிர்ப்பொருளையே எதிர்க்கும் மற்றொரு எதிர்ப்பொருள் நோயாளியின் குருதியில் இருந்ததே காரணம். ‘ருமட்டாயிடு காரணி’ என்று இன்று ஆய்வுக்கூடச் சீட்டுகளில் நாம் காண்பது அதுவே.

காவற்படை ஏன் தடுமாறுகிறது? இங்கேதான் பரம்பரை வருகிறது. 1978-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்னும் ஆய்வாளர், முடக்குவாதம் உடையவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேரிடம் ‘டி.ஆர்.4’ என்னும் மரபுக்குறி இருப்பதைக் காட்டினார். இது ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களைச் சார்ந்தது. அம்மரபணுக்கள் அமைக்கும் புரதங்கள், உயிரணுவின் மேற்பரப்பில் சிறு தட்டுகள் போல் நின்று, உள்ளே கிடைத்த பொருள்களின் துணுக்குகளைக் காவலருக்கு எடுத்துக் காட்டுகின்றன. காவலர் அவற்றைப் பார்த்தே நண்பன், பகைவன் என்று முடிவு செய்கின்றனர். இந்நோய்க்கு இடந்தரும் பலவகைத் தட்டுகளிலும் ஒரு சிறு பகுதி ஒத்திருக்கிறது என்பதை 1987-இல் கிரெகர்சன் முதலிய மூவர் எடுத்துரைத்தனர். இன்று நோயோடு தொடர்புடைய மரபிடங்கள் நூற்றுக்கு மேல் அறியப்பட்டுள்ளன.

இதுவரை படித்தபோது எங்கள் நெஞ்சம் சோர்ந்தது உண்மை. அன்னையாரின் அச்சம் மெய்தானோ என்று எண்ணினோம். ஆனால் ஸ்டாஸ்ட்னியின் அதே ஆய்வில் மற்றோர் எண்ணும் இருந்தது. நோயில்லாதவர்களுள்ளும் நூற்றுக்கு 30 பேர் அளவில் அக்குறி இருந்தது. அவர்கள் நலமாகவே இருந்தனர்.

இதனினும் தெளிவான சான்றை இரட்டையர் தந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர்க்கு மரபணுக்கள் ஏறக்குறைய முற்றிலும் ஒன்றே. பரம்பரையே விதியாயின், ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் தவறாது வரவேண்டும் அன்றோ? பிரிட்டனில் இரட்டையரை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட முடிவின்படி, அத்தகைய இணைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15-இல் மட்டுமே மற்றவருக்கும் நோய் இருந்தது. வெவ்வேறு கருவில் உருவான இரட்டையருள் அது 4 அளவே. பொதுமக்களுள் இந்நோய் உடையோர் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதனினும் குறைவு; அவருள் பெண்கள் ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கினர். ஆகவே குருதியுறவினர்க்கு வாய்ப்புச் சற்று மிகுதி என்பது மெய். வந்தே தீரும் என்பது பொய். எங்கள் மகளிடம் இந்த எண்களைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்படியானால் மீதி எண்பத்தைந்து பேர் எப்படித் தப்பினார்கள்?” என்று கேட்டாள். நல்ல வினா.

அதற்கான விடையில் ஒரு பகுதி புகையில் உள்ளது. நம் புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்னும் கூறு, அழற்சி நேரும் இடங்களில் சிட்ருலின் என்னும் வேறொன்றாக மாறுவதுண்டு. மாறிய முகத்தைக் காவலர் அயலானென மயங்குகின்றனர். மேற்கூறிய மரபுத்தட்டுகள் அம்மாறிய துணுக்குகளை எடுத்துக் காட்டுவதில் தேர்ந்தவை. புகைபிடிப்போர் நுரையீரலில் இம்மாற்றம் மிகுகிறது. மரபுக்குறியும் புகையும் ஒருவரிடம் சேர்ந்தால் ஆபத்துப் பன்மடங்காகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர் 2006-இல் காட்டினர். நாட்பட்ட ஈறு நோயின் மீதும் ஐயம் உண்டு. எங்களுள் புகைபிடிப்பவர் ஒருவர் இருந்தார். இன்னார் என்று கூறாது விடுகிறோம். இப்போது அவர் புகைபிடிப்பதில்லை.

சிட்ருலின் முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்டது தர்ப்பூசணிப் பழத்திலிருந்து என்று படித்துச் சொன்னபோது, அன்னையார் அன்றே அப்பழத்தை விலக்கிவிட்டார். பெயர்தான் அங்கிருந்து வந்தது, நோய் வரவில்லை என்று எடுத்துரைத்து மீண்டும் உண்ணச் செய்வதற்குள் ஒரு கோடையே கழிந்தது.

மற்றொரு செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. நெதர்லாந்தில் முடக்குவாத நோயாளிகள் சிலர் முன்னர்க் குருதிக்கொடை அளித்தவர்கள். சேமித்து வைத்திருந்த அக்குருதியைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ அவர்களுட் பாதிப்பேரின் குருதியில், மூட்டு வலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இவ்வெதிர்ப்பொருள்கள் இருந்தன. அவ்வாறாயின் எங்கள் அன்னையாரின் உடலிலும், அவர் தஞ்சையில் திண்ணையில் அமர்ந்து பூத்தொடுத்த நாளிலேயே இந்நோய் தொடங்கியிருக்கலாம். தில்லிக் குளிர் வலியை மிகைப்படுத்தியிருக்கலாம், நோயை உண்டாக்கவில்லை. “உங்களோடு வந்ததால்தான் வந்தது” என்று உறவினர் கூறிய சொல் எங்கள் நெஞ்சில் தைத்திருந்தது. அம்முள் இதனால் அகன்றது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். அன்னையார் உண்ணும் மெதோட்ரெக்சேட், எல்லப்பிரகட சுப்பாராவ் என்பார் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் இயங்கிய குழுவினரின் பணியில் தோன்றியது. அவர் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். புற்றுநோய்க்கென எழுந்த அம்மருந்து, சிறிய அளவில் காவற்படையின் சீற்றத்தைத் தணிப்பது கண்டு, 1988-இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்திற்கு இசைவளித்தது. இதற்கு அடங்காதார்க்கு, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் பொருளைத் தடுக்கும் ஊசிகள் உள்ளன. அம்முறையை 1992-இல் இலண்டன் நகரில் முதன்முதல் நோயாளிகளிடம் சோதித்தவர் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவிற் பிறந்த ரவீந்தர் மைனியும் ஆவர்.

மெதோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடாம். ஆதலின் நாட்காட்டியில் ஞாயிறுதோறும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்துள்ளோம். குறித்த காலத்தில் குருதிச் சோதனையும் தவறாது செய்கிறோம். கருவுற்றவரும் கருவுற விரும்புவோரும் இதனை உண்ணலாகாது.

இனி அன்னையாரின் வேண்டுகோள். நாங்கள் அதனை நிறைவேற்றவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி உரைத்தோம். முதல் வீட்டார் பின்னர் மறுமொழி அனுப்பவில்லை. காரணம் இதுவென்று கூற எங்களிடம் சான்றில்லை. இரண்டாம் வீட்டுத் தலைவியார் நாங்கள் கூறியதை அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, தம் தமக்கைக்கும் பத்தாண்டுகளாகக் கைகள் வீங்கியுள்ளன என்றும், பிள்ளைகளின் திருமணம் முடியட்டும் என்று மருத்துவரிடம் காட்டாமலே வைத்திருக்கிறார்கள் என்றும் தாழ்ந்த குரலில் கூறினார். எங்கள் மருத்துவரின் முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு சென்றார். சம்பந்தப் பேச்சு இன்னும் நடைபெறுகிறது.

அன்னையார் சில நாள்கள் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்தத் தமக்கையார் சிகிச்சை தொடங்கினார் என்று கேட்ட பின்பு, “பெரியம்மாவுக்கும் அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்” என்றார். இப்போது வாயிலில் மீண்டும் கோலம் இருக்கிறது. முன்போல் பதினைந்து புள்ளி அன்று, ஐந்து புள்ளிதான். சில காலை எங்கள் மகள் இழைகளைப் போடுகிறாள்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் காலையில் மூட்டுகள் ஒரு மணி நேரத்திற்கு மேல் விறைத்திருந்து, வீக்கமும் சேர்ந்து, ஆறு வாரமாகியும் நீங்கவில்லையெனில், இளவேனில் வரட்டும் என்று காத்திராதீர்கள். முதற் சில திங்களில் தொடங்கும் சிகிச்சை மூட்டுகளைக் காக்கும்; அரித்துப்போன எலும்பை எம்மருந்தும் முழுமையாக மீட்டுத் தருவதில்லை. சம்பந்தம் பேசுகிறோம் என்று மறைத்து வைக்கவும் வேண்டா.