இந்தப் பை முதலில் யாருக்குத் தோன்றியது?

"நிரந்தரமாகப் பை வைக்க வேண்டியிருக்கும்" என்று அறுவை மருத்துவர் சொன்னபோது பெரியம்மா அழவில்லை. மேசைமேல் மாதிரிக்காக வைத்திருந்த பையை எடுத்து, அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். திண்டுக்கல்லில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரவிக்கை தைக்கிறவர். எதைக் கொடுத்தாலும் முதலில் தையலையும் விளிம்பையும்தான் பார்ப்பார். "இதை முதல்ல யாரு செஞ்சது?" என்று கேட்டார். மருத்துவர் கம்பெனியின் பெயரைச் சொன்னார். "கம்பெனியைக் கேக்கல டாக்டர். இப்படி ஒண்ணு வேணும்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு?"

அந்த அறையில் யாரிடமும் பதில் இல்லை. தேடிச் சொல்கிறேன் என்று நான் ஏற்றுக்கொண்டேன்.

பெரியம்மாவுக்கு மலக்குடலின் கடைக்கோடியில் புற்றுநோய். ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கும் தசைவளையத்திலேயே கட்டி ஊன்றியிருந்தது. கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்த பிறகு கொஞ்சம் சுருங்கியது, ஆனால் தசையை விட்டு விலகவில்லை. தசையோடு சேர்த்து மலக்குடலை எடுத்துவிட்டு, பெருங்குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தோலோடு தைத்துவிட வேண்டும். வெளியே தெரியும் அந்தக் குடல்நுனிதான் ஸ்டோமா. மோஷன் அதன் வழியாக வரும், ஒட்டியிருக்கும் பை அதை வாங்கிக்கொள்ளும். முடிவெடுக்க மருத்துவர் அவகாசம் கொடுத்தார். அந்த இடைவெளியில் ஒரு மருத்துவ நூலகத்தில் உட்கார்ந்து தேடத் தொடங்கினேன்.

அறுவை சிகிச்சையின் தொடக்கம் சுலபமாகக் கிடைத்தது. 1710இல் பாரிஸில் அலெக்ஸி லித்ரே என்ற மருத்துவர், பிறந்து ஆறு நாளில் இறந்துபோன குழந்தையின் உடலைத் திறந்து பார்த்தார். மலக்குடல் இரண்டு துண்டாக, ஒன்றோடொன்று சேராமல் இருந்தது. மேல்துண்டை வயிற்றுச் சுவருக்குக் கொண்டுவந்து அங்கேயே வாசல் வைத்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கலாம் என்று எழுதினார். எழுதியதோடு சரி, செய்து பார்க்கவில்லை.

செய்து பார்த்தவர் ரூவான் நகரத்து மருத்துவர் பில்லோர், 1776இல். நோயாளி ஒரு மது வியாபாரி. மலக்குடல் புற்றுநோயால் குடல் அடைத்து வயிறு உப்பிக் கிடந்தார். அடைப்பைத் தள்ளிவிடும் என்று நம்பி, அன்றைய வழக்கப்படி இரண்டு பவுண்டு அளவுக்குப் பாதரசம் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். பில்லோர் வலப்பக்கம் திறந்து குடலுக்கு வழி விட்டதும் வயிறு இறங்கியது. அந்த மனிதர் ஏறத்தாழ நான்கு வாரம் வாழ்ந்தார். அறுவை அவரைக் கொல்லவில்லை. உள்ளே தங்கிய பாதரசத்தின் பாரத்தால் சிறுகுடல் அழுகித்தான் இறந்தார். பையைத் தேடிப் போன எனக்கு அந்தக் குறிப்பில் இருந்த ஒரு சிறிய விவரம் பெரிதாகத் தெரிந்தது: திறப்பின்மேல் ஒரு கடற்பஞ்சை வைத்து, இழுபடும் கட்டுத்துணியால் இறுக்கியிருந்தார்கள்.

அடுத்து 1793. பிரெஸ்ட் துறைமுகத்தில் துரே என்ற கடற்படை மருத்துவரிடம், ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தையைக் கொண்டுவந்தார்கள். துரே முதலில் இறந்த குழந்தை ஒன்றின் உடலில் செய்து பழகிக்கொண்டு, பிறகு இந்தக் குழந்தையின் இடப்பக்க வயிற்றைத் திறந்தார். அந்தக் குழந்தை 45 வயதுவரை வாழ்ந்தது. மயக்க மருந்தோ கிருமிநாசினியோ வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் நடந்தது இது. அதே காலத்தில், 1795இல், கூரான கழி குத்தி வயிறு கிழிந்த ஒரு பிரெஞ்சு விவசாயிக்கும் இப்படி வாசல் வைக்க வேண்டிவந்தது. அவர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார். மலத்தைப் பிடிக்கச் சிறிய தோல்பை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாராம். பை என்று ஒன்று கண்ணில் பட்ட முதல் இடம் அதுதான்.

ஆனால் அந்தத் தோல்பையை யார் தைத்தது, எப்படிக் கழுவினார்கள், எப்படிக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனார் என்று ஒரு வரிகூட இல்லை. துரேயின் குழந்தை 45 ஆண்டுகள் எப்படி வாழ்ந்தது என்பதும் இல்லை. கத்தியை எங்கே வைத்தார்கள் என்பது விரல்கடை அளவில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகான வாழ்நாள் முழுவதும் பதிவில் இல்லை. இந்த மௌனம் எனக்குக் கோபத்தையே வரவழைத்தது.

பெரியம்மாவுக்குச் செய்யவிருந்த அறுவைக்கு வழி போட்டவர் லண்டனின் எர்னஸ்ட் மைல்ஸ். அவர் முன்பு கீழ்வழியாக மட்டும் கட்டியை எடுத்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பியது. இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, நோய் மேல்நோக்கியும் பரவுகிறது என்று கண்டுகொண்டார். வயிற்று வழியாகவும் கீழ்வழியாகவும் சேர்த்து எடுத்து, நிரந்தர கொலஸ்டமி (பெருங்குடல் ஸ்டோமா) வைக்கும் முறையை 1908இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். முதல் 12 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். அப்படியும் நோய் திரும்பாமல் தடுக்கும் வழி அதுவாகத்தான் இருந்தது. பல தலைமுறை மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேம்படுத்தினார்கள்.

ஆக, உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். காப்பாற்றியவர்களை எதைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்? பஞ்சும் துணியும், இடுப்பு வாரில் மாட்டிய கிண்ணங்களும், கழுவிக் கழுவித் திரும்பப் போட வேண்டிய ரப்பர் பைகளும். ரப்பர் நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஓரம் கசிந்தால் தோல் வெந்துபோகும். புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் நாற்றத்துக்குப் பயந்து அறைக்குள் ஒடுங்கினார்கள்.

டென்மார்க்கில் அப்படி ஒடுங்கியவர்களில் ஒருத்தி தோரா. வயது முப்பதுகளின் தொடக்கம். கொலஸ்டமி வைத்த பிறகு வெளியில் தலைகாட்டவே கூசினாள். அவளுடைய அக்காள் எலிசே சோரென்சன், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். பெரியம்மாவின் கேள்விக்கு விடை இவர்தான். 1954இல் எலிசேவுக்குத் தோன்றியது, இன்று பார்த்தால் இவ்வளவுதானா என்று இருக்கும்: மெல்லிய பிளாஸ்டிக் பை, அதன் வாயைச் சுற்றி ஒட்டும் வளையம். நேராகத் தோலில் ஒட்டு, நிறைந்ததும் கழற்றிப் போட்டுவிடு. வாரும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம்.

யோசனையோடு அவர் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்காரர்களிடம் அலைந்தார். ஓகே லூயிஸ்-ஹான்சன் என்ற முதலாளியும் முடியாது என்றுதான் முதலில் சொன்னார். அவருடைய மனைவி யோஹானேயும் ஒரு நர்ஸ். இந்தப் பை என்ன செய்யும் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கணவரை விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தார். முதல் தவணையாக ஆயிரம் பை அளவில் தயாரானது. 1957இல் இதற்கென்றே கோலோபிளாஸ்ட் நிறுவனம் தொடங்கியது. ஒட்டும் பையின் தொடக்கத்தில் இப்படி மூன்று பெண்கள் இருக்கிறார்கள். தங்கையின் துயரம், அக்காளின் யோசனை, இன்னொருத்தியின் பிடிவாதம் மூன்றும் சேர்ந்துதான் அது உருவானது.

ஒட்டுவதற்கு ஒரு துணைக்கதை உண்டு, அது நம் பக்கத்துக் காடுகளுக்கு வருகிறது. ஈரமும் வியர்வையும் உள்ள தோலில் எதுவும் நிலைக்காது என்பதுதான் அப்போதைய பெரிய சிக்கல். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் கராயா என்ற மரப்பிசினை எடுத்துப் பார்த்தார். பல்செட்டை ஈறில் ஒட்டவைக்க அதன் பொடி ஏற்கெனவே பயன்பட்டுவந்தது. ஈரத்தைக் கண்டால் மற்றப் பசைகள் விட்டுவிடும். கராயாவோ ஈரத்தை உறிஞ்சி உப்பி, இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புண்பட்ட தோலையும் அது மூடிக் காத்தது. இந்தப் பிசின் வடியும் மரம் இந்தியக் காடுகளில் வளர்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மத்திய இந்தியாவிலும் பழங்குடி மக்கள் பட்டையைக் கீறி, வடிந்து இறுகும் கட்டிகளைச் சேகரித்து விற்கிறார்கள். அவர்கள் பொறுக்கிக் கொடுத்த பிசின் கடல் கடந்து போய், முன்பின் தெரியாத மனிதர்களின் வயிற்றில் பையைப் பிடித்துவைத்தது. இதைச் சொன்னபோது பெரியம்மா சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எல்லாம் இங்கிலீஷ் மருந்துன்னுல்ல நெனச்சேன்" என்றார். பையைப் பிடிக்கத் தோலில் ஒட்டும் இன்றைய பிளேட்டுகளில் கராயாவின் இடத்தை 1970களிலிருந்து பெக்டினும் ஜெலட்டினும் கலந்த பசைகள் பிடித்துக்கொண்டன.

டர்ன்புல் செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரிது. அவரிடம் அறுவை செய்துகொண்டு, சிறுகுடலில் ஸ்டோமாவோடு வாழ்ந்த நார்மா கில் என்ற பெண்ணை 1958இல் மருத்துவமனையில் வேலைக்கு அமர்த்தினார். நார்மா நர்ஸ் படிப்பு படித்தவர் அல்ல, அனுபவப்பட்டவர். புதிதாகப் பை வைத்துக்கொண்டவர்களின் கட்டிலருகே உட்கார்ந்து ஒட்டக் கற்றுக்கொடுத்தார். 1961இல் அங்கே இதற்கென்று பயிற்சிப் பள்ளியே தொடங்கியது. உலகம் முழுக்க இன்று இருக்கும் ஸ்டோமா நர்ஸ்கள் அந்த வழியில் வந்தவர்கள்தாம்.

இதையெல்லாம் கேட்ட பிறகுதான் பெரியம்மா சரி என்றார் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அவர் முதலில் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்டார். கேட்டே ஆக வேண்டிய விஷயம் அது. கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து கட்டி முழுமையாக மறைந்துவிட்டால், அறுவையைத் தள்ளிவைத்து அடிக்கடி சோதித்துக்கொண்டே காத்திருக்கலாம் என்று பிரேசிலின் ஆஞ்செலிட்டா ஹபர்-காமா காட்டிய வழி இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. பெரியம்மாவுக்குக் கட்டி மறையவில்லை, அதனால் அந்தக் கதவு மூடியது. தசையைக் கொஞ்சம் மிச்சம் வைத்து ஒட்டித் தைக்க முடியாதா என்றும் கேட்டார். அந்த மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: நோய் மிச்சப்படும். ஒருவேளை முடிந்தாலும் ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை ஓட வேண்டிவரும், அடக்கவும் முடியாது. நன்றாக அமைந்த கொலஸ்டமி, சரியாக வேலை செய்யாத ஆசனவாயைவிட நிம்மதி தரும். இந்த ஒப்பீட்டை எல்லா மருத்துவர்களும் நோயாளியிடம் உடைத்துப் பேசினால் எத்தனையோ பேருக்கு முடிவெடுப்பது எளிதாகும்.

பிறகு ஆறு வருடமாகப் பையோடு இருக்கும் ஓர் ஓட்டுநரைச் சந்தித்தோம். பெரியம்மா அவரை எதிரில் உட்காரவைத்து, "தம்பி, தப்பா நினைக்காதீங்க. இப்ப போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். எதிரில் உட்கார்ந்திருந்தும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அன்று மாலை பெரியம்மா சம்மதம் சொன்னார்.

அறுவைக்கு முந்தின நாள் ஸ்டோமா நர்ஸ் மார்க்கரோடு வந்தார். பெரியம்மாவை நிற்க, உட்கார, குனியச் சொல்லி வயிற்றில் மடிப்பு விழும் இடங்களைப் பார்த்தார். பாவாடை நாடா எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே, அவரே குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் புள்ளி வைத்தார். சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்ட இடங்களில் ஸ்டோமா மடிப்புக்குள் அமைந்து, பிளேட் நிற்காமல், நோயாளி ஆயுளுக்கும் கசிவோடு மல்லுக்கட்ட நேரிடுகிறது. பை வைக்கப்போகும் ஒவ்வொருவரும் இந்தப் புள்ளியைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்டோமா சிவந்து, ஈரமாக, உதட்டின் உட்புறம் போல் இருக்கும். தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது துளி ரத்தம் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஆறிலிருந்து எட்டு வாரம் வரை அது சுருங்கிக்கொண்டே வரும், அதனால் பிளேட்டில் வெட்டும் துளையையும் அளந்து அளந்து சிறிதாக்க வேண்டும். துளை பெரிதானால் மலம் தோலில் பட்டு அரிக்கும். சிறிதானால் குடலை அறுக்கும். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான் கணக்கு. அந்த வட்டத்தைப் பெரியம்மா வெட்டுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அட்டை அளவியை வைத்துப் பேனாவால் வரைந்து, கத்தரியை அசைக்காமல் பிளேட்டைத் திருப்புவார். வெட்டிய விளிம்பை விரலால் நீவி, பிசிறு இருந்தால் வழிப்பார். பிறகு இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடேற்றி ஒட்டுவார்.

பையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததுமே காலி செய்துவிடுகிறார், பாரம் கூடினால் பிளேட் உரிந்துவிடும். சித்திரை வெயிலில் பிளேட் சீக்கிரம் விட்டுப்போகிறது. வெங்காயம், முட்டை, கருவாடு என்றால் காற்றும் நாற்றமும் கூடுகின்றன. மோர் குறைக்கிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை அவர் விடவில்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கில் பிளேட் ஒட்டாது. அதனால் தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்துக்கொண்டு, பிளேட் மாற்றும் நாளையும் அதே நாளுக்கு வைத்துக்கொண்டார். தண்ணீர்க் குடம் தூக்குவதை நிறுத்திவிட்டார். ஸ்டோமாவின் ஓரத்தில் குடலிறக்கம் வரும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். சில இரவுகளில், எடுத்துவிட்ட மலக்குடலில் மோஷன் முட்டுவது போலவே தோன்றுகிறது என்கிறார். வெட்டிய காலில் அரிப்பது போல இதுவும் பலருக்கு வருவதுண்டு.

செலவுதான் தீராத பாடு. அறுவை ஒருமுறையோடு முடிந்தது, பிளேட்டும் பையும் உயிருள்ளவரை வேண்டும். ஒரு பிளேட்டின் விலை, ஒரு சாதா ரவிக்கைக்கு அவர் வாங்கும் தையற்கூலியைவிட அதிகம். அவருடைய தெருக்கடையில் அது கிடைப்பதும் இல்லை. மதுரையிலிருந்து வரவழைக்கிறார்.

போன மாதம் நான் போயிருந்தபோது, அந்த ஸ்டோமா நர்ஸிடம் பெரியம்மாவின் எண்ணை வாங்கி ஒரு பெண் அழைத்தாள். பழனிப் பக்கம், வயது நாற்பதுக்குள். அடுத்த வாரம் அறுவை. பெரியம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு நெடுநேரம் பேசினார். கோயிலுக்குப் போகலாமா என்று அவள் கேட்டிருப்பாள் போல. "நான் போறேன் கண்ணு. மலைக்கே ஏறிட்டு வந்தேன். உள்ள இருந்தது வெளிய வருது, எல்லாருக்கும்தான்." வேலைக்குப் போவது, வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, பஸ்ஸில் சத்தம் வந்தால் என்ன செய்வது என்று பேச்சு நீண்டது. எலிசே, தோரா பெயர்களையும் சொன்னார், ஊரை மட்டும் என்னிடம் திரும்பிக் கேட்டுக்கொண்டார். போனை வைக்கும் முன், "ஆபரேஷனுக்கு முதல் நாள் நானே வர்றேன். எந்த வார்டுன்னு சொல்லு. அதுக்கு முன்னாடி ஒண்ணு, நீ பாவாடைய எங்க இறுக்கிக் கட்டுவே?" என்று கேட்டுவிட்டு, காதோடு அணைத்த போனோடு அளவு நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் புரட்டினார்.